சும்மா வளர்த்த மாடுகள்

போன மாதம் எங்கள் பழைய சங்கத்திலிருந்து கவிதா என்ற பெண் போன் செய்தாள். அலமாரியில் கிடக்கும் பழைய விண்ணப்பப் பாரங்களையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"ஆன்ட்டி, பாலத்துத் தோட்டம் பைல்ல இருபத்திரண்டு பாரம் இருக்கு. எல்லாத்துலயும் ஒரே எடத்துல ஒரே வார்த்தைய அடிச்சிட்டு, பக்கத்துல நீங்க சைன் போட்டிருக்கீங்க. இருபத்திரண்டுலயும் எப்படி ஒரே தப்பு வரும்?"

"ஒரே ஆளு எழுதுனா ஒரே தப்புதான் வரும். அந்த ஆளு நான்தான்," என்றேன்.

சிரித்துவிட்டு, அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், சங்க மலரில் போடலாம் என்றாள். மலர்களில் ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகத் தங்கள் சாதனைகளை எழுதுவார்கள். என்னிடம் கேட்டிருப்பது தவறைப் பற்றி. எனக்கும் அதுதான் சௌகரியம். சாதனை என்று சொல்லிக்கொள்ள யோசிக்க வேண்டியிருக்கிறது, தவறு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் மலேசியாவில் அலோர் காஜாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவருமே பால்மரம் வெட்டியவர்கள். ஐந்தாம் படிவம் முடித்தேன், துணிக்கடையில் நின்றேன், பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன், கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பெற்றேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், முப்பத்தெட்டு வயதில், சங்கத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி இரண்டு வாரம். பெரிய வெள்ளைத்தாளில் நடுவில் ஒரு வட்டம் போட்டு 'சங்கம்' என்று எழுதி, சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களாக விவசாயிகளைப் போட்டு, அம்புக்குறியால் இணைக்கச் சொன்னார்கள். எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். என் வட்டத்தைச் சுவரில் ஒட்டினார்கள்.

சங்கத்தின் வேலையும் ஏறக்குறைய அந்தப் படம்தான். மலாக்கா மாநிலத் தோட்டங்களில் மாடு வளர்க்கிறவர்களையும் காய்கறி போடுகிறவர்களையும் ஒருவரோடு ஒருவர் சேர்த்துவிட வேண்டும். கால்நடை அதிகாரி, பசார் வியாபாரி, நில அலுவலகம் என்று யாரிடம் என்ன தேவையோ அங்கே அவர்களைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அலோர் காஜா டவுனில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைதான் எங்கள் ஆபிஸ். நாள் முழுக்க மிளகாய் வாசம் மேலே ஏறி வந்துகொண்டே இருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் காதர் சார். என்னைவிட ஐந்து வயது இளையவர். மலாக்கா டவுனில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். கடையில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று கால்நடைத் துறையில் ஊசி போடும் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு அதையும் விட்டுவிட்டு இங்கே வந்தவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். மேலதிகாரி என்ற முறுக்கு அவரிடம் துளியும் கிடையாது. ஆனால் சில பழக்கங்களை மட்டும் விடவே மாட்டார்.

தோட்டத்து வீடுகளில் விருந்தாளி வந்தால் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அவர் அதில் உட்கார மாட்டார். நேரே கொட்டகைப் பக்கம் போய்க் கவிழ்த்து வைத்த வாளியில் உட்காருவார். முதல் தடவை போகும்போது பேனாவே கொண்டுபோக மாட்டார். பேசுவார், கேட்பார். கிளம்பும்போது அவர்கள் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லி, "நான் புரிஞ்சிகிட்டது சரியா?" என்று கேட்பார். இரண்டாம் தடவை போகும்போதுதான் பாரம் வெளியே வரும். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு தடவை அலைய வேண்டும் என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

"மொத தடவ அவங்க ஆபிசுக்கு ஏத்த மாதிரி பேசுவாங்க அக்கா. ரெண்டாவது தடவதான் அவங்க பேச்சுல பேசுவாங்க. பெலான்-பெலான்லா, அவசரம் என்ன?" என்பார்.

தவறு செய்தால் திட்ட மாட்டார். கேள்வி கேட்பார். ஒரு முறை பத்துத் தோட்டத்து ஆட்களை ஒன்றாகச் சந்திக்க வைக்கலாம் என்று டவுனில் ஒரு மண்டபம் பிடித்து, நாற்காலி போட்டு, நூறு பேருக்கு மீகூன் பிரட்டி வைத்தேன். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. வந்தது நாலு பேர். அதிலும் இருவர் ஏதோ கல்யாணம் என்று நினைத்து வந்தவர்கள். காதர் சார் ஒரு தட்டு மீகூனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, சாயங்காலப் பால் எத்தன மணிக்குக் கறப்பாங்க?" அவ்வளவுதான் கேட்டார். மூன்று மணிக்கு எந்த மாட்டுக்காரர் மடியை விட்டுவிட்டு மண்டபத்துக்கு வருவார்? திட்டினாலாவது மனசு ஆறும்.

இப்போது பாலத்துத் தோட்டத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வருவதால் நம் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு குடும்பங்கள் மாடு வைத்திருந்தன. மாவட்டத்தில் மாடு வளர்ப்பவர்களின் பட்டியல் எடுக்கிறார்கள், பட்டியலில் இருந்தால் தடுப்பூசியிலிருந்து மேய்ச்சல் நிலம் வரை எதற்கும் விண்ணப்பிக்கலாம் என்று தகவல் வந்தது. காதர் சாரின் தகப்பனார் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். பாரங்களை என்னிடம் கொடுத்துவிட்டு லீவில் போனார். நானோ, இவர் இல்லாதபோது நாலு நாள் வேலையை இரண்டே நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று பேனாவும் கையுமாகக் கிளம்பினேன்.

நாற்காலி போட்டார்கள், நன்றாகவே உட்கார்ந்தேன். பாரம் மலாயில் இருந்தது. 'தொழில்' என்ற இடத்தில் எல்லோரும் தோட்டத் தொழிலாளி என்றார்கள், எழுதினேன். அடுத்தது, 'மாடு வளர்க்கும் நோக்கம்'.

"நோக்கமா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா வச்சிருக்கோம்."

அடுத்த வீடு. "சும்மாதாம்மா, ரெண்டு மாடு."

அதற்கடுத்தது. "சும்மா நிக்குது."

இருபத்திரண்டு வீட்டிலும் இதே பதில். என் மலாய் மேல் எனக்கு அப்போது பெரிய நினைப்பு. யோசிக்காமல் 'சுக்கா-சுக்கா' என்று எழுதிக்கொண்டே போனேன். ஆசைக்கு, பொழுதுபோக்குக்கு என்று அர்த்தம். இரண்டு நாளில் கட்டு முடிந்தது. காதர் சார் வருவதற்குள் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டும் வந்துவிட்டேன்.

தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்த வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் மாடு வைத்துக்கொள்வது நிர்வாகம் கண்டும் காணாமல் விட்ட விஷயம். தோட்ட ஆபிஸ் கிராணி கேட்டால், "சும்மா ரெண்டு மாடுங்கய்யா," என்று சொல்லிப் பழகியிருந்தார்கள். மரம் வெட்டுகிற வேலையில் கவனம் குறைகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. என் அம்மாவும் லயத்துக்குப் பின்னால் கத்தரி போட்டபோது அதையேதான் சொன்னார். அதிகாரம் கேள்வி கேட்கும்போது தலையைக் குனிந்து ஒதுங்கிக்கொள்ளும் சொல் அது. நான் அதை அகராதி பார்க்கிறவள் மாதிரி மொழிபெயர்த்து வைத்தேன்.

ஓர் ஆண்டு கழித்துத் தோட்டம் கைமாறியது. வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றார்கள். மூன்று மாதத்தில் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று தோட்ட ஆபிஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தோட்டத்துக்கும் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஆற்றோரமாக அரசு நிலம் ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. மேய்ச்சலுக்குத் தற்காலிக அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். அது கிடைக்காவிட்டால் மாடுகளைக் கறிக்கு விற்பதைத் தவிர வழியில்லை. லயத்தில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

விசாரணைக்கு காதர் சாரும் நானும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். எங்கள் விண்ணப்பத்தைப் படித்தார், பட்டியலை எடுத்துப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்த இருபத்திரண்டு பேரும் பொழுதுபோக்குக்கு மாடு வளர்ப்பதாகத்தான் இங்கே இருக்கிறது. இதே நிலத்தைத் தொழிலாகவே வளர்ப்பவர்கள் ஒரு கூட்டம் கேட்டிருக்கிறார்கள். நான் யாருக்குக் கொடுப்பது?" என்று மலாயில் கேட்டார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் படித்தார்.

காதர் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "துவான், இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள், பாரத்தைச் சரிபார்த்துக் கொண்டுவருகிறோம்," என்றார். அதிகாரி சம்மதித்தார்.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் இரண்டு தே தாரேக் சொன்னார். நான் ராஜினாமா செய்கிறேன் என்றேன். அது காதில் விழாத மாதிரி, "அவங்க என்ன சொன்னாங்கன்னு தமிழ்ல வார்த்தைக்கு வார்த்த சொல்லுங்க அக்கா," என்றார்.

"சும்மா வச்சிருக்கோம்னாங்க சார்."

கோப்பையைக் கீழே வைத்தார். "சரி. இனிமே என்ன வேலை, என்ன நோக்கம்னு யாரையும் கேக்க வேணாம். காலைல எழுந்ததுலேர்ந்து என்ன செஞ்சீங்கன்னு மட்டும் கேப்போம். அத கேக்கக்கூட வேணாம், கூடவே நின்னு பாப்போம்."

நாங்கள் முதலில் போய் நின்றது அஞ்சலையக்கா வீட்டில். ஐம்பதைத் தாண்டியவர், புருஷன் இறந்து பல வருஷம். ஐந்து கறவை மாடு, ஒரு பொலிகாளை. காளைக்குப் பெயர் சின்னதொரை. எதற்கு உதவி மேனேஜர் பட்டத்தை மாட்டுக்கு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அவரும் இப்படித்தான், வேலையே செய்யாம நல்லா சாப்பிடுவாரு," என்றார் சிரிக்காமல்.

விடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை கூட்டி முடிந்திருந்தது. ஐந்து மாடும் கறந்து, மோட்டார் சைக்கிளில் வரும் பால்காரருக்கு ஊற்றினார். பிறகு தோட்டத்தில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடினார். மதியம்வரை மரம் வெட்டி, ரப்பர் பாலைச் சேகரித்து ஸ்டோரில் போட்டுவிட்டு, வரும் வழியில் மர வரிசைக்கு நடுவில் புல் அறுத்துத் தலையில் கட்டோடு வந்தார். ஒரு வாய் சோறு சாப்பிட்டாரோ இல்லையோ, ஆற்றோரக் கம்பத்திலிருந்து பாக் சாமாட் என்ற மலாய்க்காரர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் பசுவுக்குக் காலையிலிருந்து வலி, கன்று வரவில்லை.

நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பசு படுத்துக் கிடந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, இன்னொன்று உள்ளே மடிந்திருந்தது. அஞ்சலையக்கா கையைத் தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மண்ணில் ஒருக்களித்துப் படுத்தார். வலி வரும்போது கையை அசைக்கவே இல்லை. வலி விடும் நேரம் பார்த்துக் கன்றை உள்பக்கமாகத் தள்ளினார். மடிந்த காலின் குளம்பைத் தேடிப் பிடித்து, அது கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தார். முகத்தில் நரம்பு புடைத்தது. இரண்டு காலும் சேர்ந்து வெளியே வந்த பிறகு, பசு முக்கும்போது மட்டும் இழுத்தார். கன்று வழுக்கி வந்து விழுந்தது. மூக்கைத் துடைத்துச் சாக்கால் பரபரவென்று தேய்த்தார். அது தும்மியது.

காதர் சார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். "எட்டு வருஷம் கால்நடையில இருந்தேன் அக்கா. நானா இருந்தா டாக்டருக்குப் போன் பண்ணியிருப்பேன், அவர் வர்றதுக்குள்ள ரெண்டும் போயிருக்கும்," என்றார் என்னிடம். அவர் யாரையும் அப்படிச் சட்டென்று புகழ்ந்து நான் கேட்டதில்லை.

பாக் சாமாட் ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். அஞ்சலையக்கா வாங்கவில்லை. "சும்மாதான், போங்க," என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த பத்து நாளும் இப்படியே வீடு வீடாக நின்று பார்த்தோம். பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. சின்னதொரை ஐந்து தோட்டத்துப் பசுக்களுக்குப் போய் வருகிறது, கேட்டால் சும்மாதான். சாணம் தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம் காய்கறி போடும் சீனருக்கு லாரியில் போகிறது. அவர் பதிலுக்கு விற்காத முட்டைக்கோஸ் இலைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார், அதுவும் சும்மா. கம்பத்து வேலியோரப் புல்லை இவர்கள் அறுத்துக்கொள்ளலாம், கம்பத்து மாட்டுக்குப் பிரசவம் என்றால் இவர்கள் போக வேண்டும். யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆபிசில் காதர் சார் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் இதையெல்லாம் படமாகப் போட்டார். தோட்டங்கள், கம்பம், சீனர் தோட்டம், பால்காரர், கோயில் என்று கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போயின. எங்கே இருக்கிறோம் என்று நான் தேடிப் பார்த்தேன்.

"சங்கத்தக் காணோமே சார்."

"நாம இன்னும் அதுக்குள்ள வரல அக்கா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. இணைக்கிறோம் இணைக்கிறோம் என்று மீகூன் பிரட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு முன்னாலேயே, அஞ்சலையக்கா மாதிரிப் பெண்கள் மூன்று இனத்து ஆட்களையும் இணைத்து வைத்திருந்தார்கள். அந்த மரியாதை என் மனதில் அன்று உட்கார்ந்தது, இன்றுவரை எழுந்து போகவில்லை.

இனி பாரத்தைத் திருத்திக் கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். அஞ்சலையக்கா மறுத்துவிட்டார்.

"மாடு வளக்குறதுதான் என் பொழப்புன்னு எழுத வேணாம் சரோஜா. வீடு போயிரும்."

விஷயம் இதுதான். தோட்டத்தை வாங்கியவர்கள் தொழிலாளர்களுக்கு வரிசை வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தோட்ட வேலையையே முழு நேரத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு மட்டும். வேறு பிழைப்பு இருப்பவர் பெயர் பட்டியலில் வராது என்று தோட்ட ஆபிசில் பேச்சு. முப்பது வருஷம் மரம் வெட்டியவருக்குத் தலைக்கு மேல் கூரை அது ஒன்றுதான். நிலத்தைக் கேட்டால் வீடு போகலாம், வீட்டை நினைத்தால் மாடு போகும்.

காதர் சார் தோட்ட மேனேஜரைப் பார்க்கப் போனார். மாடு வைத்திருப்பதால் வீட்டுரிமை பாதிக்கப்படாது என்று ஒரு வரி எழுதிக் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். மூன்று முறை போய் ஆபிஸ் வராந்தாவில் நின்றுவிட்டு வந்தார். கடிதம் வரவில்லை, விசாரணை நாள் வந்துவிட்டது.

அன்று மாவட்ட அலுவலகத்தில் இருபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடாமலேயே பாக் சாமாட் சொங்கோக் தொப்பி வைத்துக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி பாரங்களை மேசைமேல் விரித்தார்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான் துவான். அந்த வார்த்தை என்னுடையது. அவர்கள் சொன்னது அது இல்லை."

"அப்படியென்றால் என்ன சொன்னார்கள்?"

முதல் நாளே அழகான மலாயில் நாலு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அத்தனையும் பறந்துவிட்டது. "சும்மா," என்றேன் தமிழிலேயே.

பின்வரிசையில் பாக் சாமாட் எழுந்தார். "துவான், அது நம்ம 'சுமா'தான். என் பசுவும் கன்றும் செத்திருக்கும். இந்த அஞ்சலை மாக்சிக் வந்து காப்பாற்றினார். கோழி கொடுத்தேன், வாங்கவில்லை. சுமா-சுமா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் கம்பத்தில் இவர் கைபட்டுப் பிறக்காத கன்று குறைவு. இவர் பொழுதுபோக்குக்கு மாடு வளர்க்கிறார் என்றால் நாங்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்குத்தான் வளர்க்கிறோம்."

மலாயில் 'சுமா-சுமா' என்றால் காசு வாங்காமல். கடைகளில் ஒன்று வாங்கினால் ஒன்று 'பெர்ச்சுமா' என்று எழுதிப் போட்டிருப்பார்களே, அந்த வார்த்தை. வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நடந்த பலகை, எனக்கு உறைக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை சிரித்தார். காதர் சார் நாட்காட்டிப் படத்தை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு கோடாகத் தொட்டு விளக்கினார். அதிகாரி இடையில் பேசாமல் கேட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பாரத்திலும் பழைய வார்த்தையை அடித்து, பிழைப்புக்கு என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இருபத்திரண்டு முறை எழுதினேன். மாட்டுக்காரர்கள் வரிசையாக வந்து பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். துணை வருமானம் என்று பாரத்தில் ஓர் இடம் இருந்தது, அதில் போட்டால் வீட்டுக்குப் பயமில்லை என்பதால் அஞ்சலையக்காவும் போட்டார்.

எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டபோது அதிகாரி சொன்னார், அனுமதி குழுவின் தலைவர் ஒருவர் பெயரில்தான் வரும், மாடு வளர்ப்பதே தன் முக்கியத் தொழில் என்று அவர் தனியாகக் கையெழுத்திட வேண்டும்.

தோட்டத்தில் எந்தக் கூட்டம் என்றாலும் முதல் ஆளாக மைக்கைப் பிடிக்கும் மாரிமுத்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாலு பிள்ளைகள். மற்ற ஆண்களும் சுவரையும் கூரையையும் பார்த்தார்கள்.

அஞ்சலையக்கா எழுந்து மேசைக்கு முன்னால் போனார். சந்தையில் பேசிப் பழகிய தன் பசார் மலாயில் கேட்டார். "துவான், நான் இதில் கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடுமா?"

"அது தோட்டத்தார் விஷயம் மாக்சிக். போகாது என்று நான் சொன்னால் அது பொய்," என்றார் அதிகாரி.

அஞ்சலையக்கா, "என் பேரப் போடுங்க," என்றார் தமிழில், எங்களைப் பார்த்து.

நான் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, லெட்டர் வரட்டும். ரெண்டு நாள் பொறுங்க."

"லெட்டர் வர்ற வரைக்கும் மாடு எங்க நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

காதர் சார் அப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அஞ்சலையக்காவின் கேள்வியும் அதிகாரியின் பதிலும் விசாரணைக் குறிப்பில் ஏற வேண்டும், நாளை வீட்டுக்குச் சிக்கல் வந்தால் காட்ட அதன் நகல் ஒன்று வேண்டும் என்றார். அதிகாரி தயங்காமல் கொடுத்தார். அனுமதி கிடைத்தது. கெடு முடிவதற்குள் ஆற்றோரப் புதரை எல்லோரும் சேர்ந்து வெட்டினோம், கம்பத்து ஆட்களும் பாராங் கத்தியோடு வந்தார்கள். மாடுகள் தப்பின.

வீடுகள் கட்டி முடிய அதற்குமேல் ஒரு வருஷம் ஆனது. சாவி கொடுக்கும் நாள் காலையில் தோட்ட ஆபிஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். இருபத்தொரு மாட்டுக்காரர் பெயரும் இருந்தது, மாடே இல்லாதவர்கள் பெயரும் இருந்தது. அஞ்சலையக்கா பெயர் இல்லை. நான் மூன்று தடவை மேலிருந்து கீழே படித்தேன். அவரிடம் போய்ச் சொன்னேன். "சரி," என்றார். அரிவாளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கப் போய்விட்டார். என் பேனாவால் தொடங்கிய வினை இது என்று நான் கொட்டகையில் நின்று அழுதேன்.

காதர் சார் விசாரணைக் குறிப்பின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். விழா முடிந்ததும் நிர்வாகத்திடம் சண்டை போடுவதாகத் திட்டம். கூடாரத்தின் கீழே மேசை, அதன்மேல் தட்டில் பெயர்ச்சீட்டுக் கட்டிய சாவிகள். நிர்வாகத்தின் சார்பில் வந்தவர் முதல் பெயரைப் படித்தார். மாரிமுத்து.

அவர் போனார். சாவியை நீட்டினார்கள். மாரிமுத்து அதைத் தொடாமல் மைக்கை வாங்கினார்.

"அஞ்சலையக்கா பேரு இதுல இல்லைங்க. மொதல்ல அத எழுதிட்டு வாங்க சார். நான் இங்கதான் இருப்பேன், அப்பறமா வாங்கிக்கிறேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அடுத்த பெயர் படிக்கப்பட்டது. அந்த ஆள் எழவில்லை. அதற்கடுத்தது மாடே இல்லாத குடும்பம், கைக்குழந்தையோடு லயத்தின் ஒழுகும் கடைசி வீட்டில் இருப்பவர்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள், எழவில்லை. படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கடைசியில் தட்டை மூடினார்.

"நீங்க ஏதாச்சும் சொல்லி வச்சீங்களா அக்கா?" என்று காதர் சார் காதருகே கேட்டார்.

"இல்ல சார். நீங்க?"

"நானும் சொல்லல," என்றார். சட்டைப்பையிலிருந்து எடுத்த காகிதம் கையிலேயே இருந்தது, கண் கலங்கியிருந்தது.

செய்தி கேட்டு அஞ்சலையக்கா புல்லுக்கட்டோடு ஓடி வந்தார். "பச்சப்புள்ளைய வச்சிகிட்டு ஒழுகுற வீட்டுல கெடக்குறீங்க, சாவி வேணாமா உங்களுக்கு? புத்தி கெட்டுப் போச்சா எல்லாருக்கும்?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினார். திட்டத் திட்ட அழுதார். யாரும் எழுந்து சாவி வாங்கப் போகவில்லை.

அடுத்த வாரம் திருத்திய பட்டியல் வந்தது, அதில் அவர் பெயர் இருந்தது. கடைசி வரிசையில் ஓரத்து வீடு, ஜன்னலைத் திறந்தால் மாடுகள் தெரியும். மறுபடி விழா வைத்தார்கள். அன்று மைக்கை மாரிமுத்துவிடமிருந்து பிடுங்குவது பெரும்பாடாக இருந்தது.

ஆனால் கவிதா, நீ பைலில் தேட வேண்டியது அந்த முதல் சாவி விழாவின் அறிக்கையை. சங்கத்தின் அச்சடித்த தாளில் சாவி பெற்றவர்கள் பெயர்களை எழுத முப்பது கோடுகள் இருக்கும். நான் முதல் கோட்டில் மட்டும் எழுதினேன்: ஒருவரும் இல்லை.